பழைய இயந்திரங்களைக் கொண்டு டர்பனில் வீட்டுப் பட்டறை: லேத்தை முதலில் வாங்கலாமா?

பீனிக்ஸ்காரன்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள பீனிக்ஸில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய கராஜ் இருக்கிறது. காரை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தைப் பட்டறையாக மாற்ற எண்ணியிருக்கிறேன். கேட், ஜன்னல் கம்பி, டிரெயிலர் பழுது ஆகியவையே பெரும்பாலும் என் வேலையாக இருக்கும். எங்கள் பகுதிக் கோயில் தேரின் அச்சுக்கும் புஷ்ஷுக்கும் (அச்சு சுழல இடும் உலோக வளையம்) ஒவ்வொரு திருவிழாவின்போதும் வெளியில் பணம் கொடுத்துக் கடைந்து வாங்குகிறோம். அதையும் நாமே செய்துகொள்ளலாம் என்ற ஆசை உண்டு.

ஜேக்கப்ஸ் பக்கத்தில் மூடப்படவிருக்கும் ஒரு சிறிய எஞ்சினியரிங் பட்டறையில் ஒரு கோல்செஸ்டர் ஸ்டூடன்ட் லேத் (கடைசல் இயந்திரம்), தரையில் நிற்கும் டிரில்லிங் மெஷின், இரட்டைச் சாணை, பெரிய ரெக்கார்டு வைஸ் (பொருளை இறுகப் பிடிக்கும் இடுக்கி) ஆகியவற்றை விற்கிறார்கள். லேத்தின் விலை ஏறக்குறைய பழைய இரும்பின் எடை விலையாகவே இருக்கிறது. ஆனால் வைஸைத் தவிர எல்லாமே மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. எங்கள் வீட்டிலோ ஒருமுனை இணைப்புதான். இவ்வளவு மலிவாக லேத் மறுபடி கிடைக்குமா என்று தெரியாததால் அதை முதலில் தூக்கி வந்துவிட மனம் துடிக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மில்ஃபிட்டர்

தம்பி, ஆசை நியாயமானது, வரிசைதான் தவறு. கேட்டும் கம்பியும் டிரெயிலரும் செய்பவருக்குப் பத்து நாளில் ஒன்பது நாள் தேவைப்படுவது வைஸும் டிரில்லும் சாணையும் வெல்டிங்கும்தான். லேத் இருந்தும் நல்ல வைஸ் இல்லாத பட்டறையில் ஒரு கம்பியைக்கூட நேராக அறுக்க முடியாது. ஆகவே அந்த ரெக்கார்டு வைஸை முதலில் கேளுங்கள். அதன் கைப்பிடியைச் சுழற்றித் தாடைகள் ஆட்டமில்லாமல் நெருங்குகின்றனவா, உள்ளே இருக்கும் நட்டின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாடையின் பல் மழுங்கியிருந்தால் கவலை வேண்டாம், அந்தத் தகடுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். உடலில் எங்காவது பற்றவைத்து ஒட்டிய தழும்பு தெரிந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்த காலம் முழுவதும் பழைய இயந்திரங்களோடுதான் பழகினேன். அந்தப் பழக்கத்தில் நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றுண்டு. வார்ப்பிரும்பையும் எஃகையும் எவ்வளவு பழையதாகவும் வாங்கலாம். வேகமாகச் சுழல்வது, அழுத்தத்தைத் தாங்குவது, மின்சாரத்தைச் சுமப்பது ஆகிய மூன்றையும் புதிதாகவே வாங்க வேண்டும். டிரில்லின் தூணும் மேசையும் தலையும் நூறாண்டு ஆனாலும் அப்படியே இருக்கும். அதன் பேரிங், பெல்ட், வயர், சுவிட்சு ஆகியவை அப்படி இரா. அந்த இரட்டைச் சாணையை வாங்கினால் உடலை மட்டும் வைத்துக்கொண்டு கற்களை அன்றே எறிந்துவிடுங்கள். ஒரு கல் எப்போது எந்தத் தரையில் விழுந்தது, எந்த ஈரத்தில் கிடந்தது என்று விற்பவருக்கே தெரியாது. 150 மில்லிமீட்டர் கல் நிமிடத்திற்கு 2850 சுற்று ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் பாய்கிறது. விரிசல் இருந்தால் துண்டுகள் அந்த வேகத்தில்தான் முகத்திற்கு வரும். புதுக் கல்லையும் விரலில் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். மணி போல ஒலித்தால் மாட்டலாம், மந்தமாக ஒலித்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். பக்கத்திலுள்ள காகித வட்டத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் உங்கள் மோட்டாரின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வேலைத்தாங்கிக்கும் கல்லுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

இனி லேத். ஸ்டூடன்ட் நல்ல இயந்திரம், மறுக்கவில்லை. ஆனால் அது ஏறக்குறைய அரை டன் எடையுள்ளது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை இதற்கு அப்படியே பொருந்தும்; கிரேன் லாரிக்குக் கொடுப்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கிற்கு அருகில் உள்ள படுகையில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். வெட்டும் கருவியைத் தாங்கிப் படுகை மேல் ஓடும் சேடில் ஓடிய இடத்திற்கும் ஓடாத இடத்திற்கும் நடுவே நகம் தட்டும் படி ஒன்று இருந்தால், அங்கே படுகை தேய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு சேடிலை சக்கிற்கு அருகே கொண்டுவந்து, அதன் அடித்தகட்டு ஸ்குரூவை ஆட்டமில்லாமல் முறுக்கி, மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். வழியில் இறுகி நின்றால் தேய்மானத்தின் அளவு கையிலேயே தெரிந்துவிடும். எல்லா வேலையும் சக்கிற்கு அருகிலேயே நடப்பதால் பட்டறை லேத்துகள் அங்கேதான் தேயும். அடுத்து, சக்கில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்து, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை அதன் மேல் வைத்து, மரக்கட்டையால் நெம்பிப் பாருங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்டூடன்டில் பெரும்பாலும் காமெட் என்னும் கூம்பு உருளை பேரிங்குகள் இருக்கும். சரிசெய்து இறுக்க முடிந்தால் நல்லது, புதிதாக வாங்க நேர்ந்தால் லேத்தின் விலையைவிட அதிகமாகிவிடும். வெட்டும் கருவியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, வெண்கல நட்டு ஒன்றைக் கடைந்து போட்டுக்கொள்ளலாம். சக்கைச் சுழற்றும் கியர்கள் உள்ள ஹெட்ஸ்டாக்கின் மூடியைத் திறந்து ஒவ்வொரு கியரையும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். விற்பவர்கள் ஓட்டிக் காட்டும்போது ஓசையில்லாத வேகத்தில் மட்டுமே ஓட்டிக் காட்டுவார்கள். எல்லா வேகத்திலும் ஓட்டச் சொல்லுங்கள்.

மின்கம்பி

ஐயா இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். மின்சாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் இத்தகைய பட்டறைகள் பலவும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நம் நாட்டில் ஒருமுனை 230 வோல்ட், மும்முனை 400 வோல்ட், இரண்டும் 50 ஹெர்ட்ஸ். பழைய மோட்டார்களில் இதையே 220, 380 என்று பொறித்திருப்பார்கள். பீனிக்ஸ்காரர் முதலில் செய்ய வேண்டியது ஒவ்வொரு மோட்டாரின் தகட்டையும் துடைத்துப் படம் எடுப்பது. தகட்டில் 220/380 என்று இரண்டு மின்னழுத்தமும் இருந்தால் வேலை எளிது. முனைப்பெட்டியில் உள்ள இணைப்புத் தகடுகளை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு (மூன்று சுருள்களை இணைக்கும் இரு முறைகள் இவை) மாற்றிவிட்டு, ஒருமுனை 230 வோல்ட் வாங்கி மும்முனை 230 வோல்ட் தரும் வி.எஃப்.டி. என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பொருத்தினால் மோட்டார் தன் முழு வலுவோடு ஓடும். தகட்டில் 380/660 என்று இருந்தால் அந்த வழி அடைபட்டது. 4 கிலோவாட் அளவிலிருந்து மேலே உள்ள மோட்டார்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

மின்தேக்கி ஒன்றை இணைத்து மும்முனை மோட்டாரை ஒருமுனையில் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். ஓடும், ஆனால் வலுவில் கணிசமான பகுதியை இழக்கும், சுருள் சூடேறும், சுமையோடு தொடங்கத் திணறும். சிறிய சாணைக்கு ஏற்றுக்கொள்ளலாம், லேத்துக்கு வேண்டாம்.

வி.எஃப்.டி. பொருத்துவோர் பலரும் பழைய இயந்திரத்தின் திசைமாற்றும் சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இணைப்பைத் துண்டித்தால் கருவியின் வெளியீட்டுப் பகுதி கெட்டுப்போகக்கூடும். மோட்டாரை வி.எஃப்.டி.யோடு நேராக இணைத்துவிட்டு, பழைய சுவிட்சைக் குறைந்த மின்னழுத்தக் கட்டுப்பாட்டு முனைகளுக்கு மாற்றுங்கள். சுழற்சியைக் குறைத்து ஓட்டும்போது மோட்டாரின் பின்னாலுள்ள விசிறியும் மெதுவாகச் சுற்றும் என்பதால் குளிர்ச்சி குறையும். ஆகவே குறைந்த வேகத்திற்கு பெல்ட்டையோ கியரையோ மாற்றுவதே முறை, வி.எஃப்.டி.யைத் திருகிக் குறைப்பது இடைப்பட்ட சிறு மாற்றங்களுக்கு மட்டும்.

மின்வெட்டு நாள்களை எவரும் மறந்திருக்க மாட்டோம். 2023இல் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனபோது ஒரே நாளில் பல முறை மின்சாரம் போய்த் திரும்பியது. டிரில் ஓடும்போது மின்சாரம் போனால், நாம் சுவிட்சை அணைக்க மறந்து பிட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது திரும்ப வரும். மின்சாரம் போனால் தானே விடுபட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே மீண்டும் இயங்கும் சுவிட்சு ஒவ்வோர் இயந்திரத்திற்கும் வேண்டும். பழைய இயந்திரங்களில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி இருந்தால் அதில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கலாம், ஆனால் அதன் சுருள் 380 வோல்ட்டுக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கராஜுக்குத் தனிக் கம்பி இழுப்பதையும் புதுப் பிரேக்கர் போடுவதையும் பதிவுபெற்ற மின்பணியாளரிடம் விட்டு, 2009ஆம் ஆண்டு மின் நிறுவல் விதிகளின்படி இணக்கச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பிளக் இணைப்புகளுக்கு 30 மில்லியாம்பியர் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு) கட்டாயம். வி.எஃப்.டி. தன் வடிகட்டி வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு விடுவதால் அந்தச் சுவிட்சு சில நேரம் தானே விழும். விழுகிறதே என்று எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தற்கொலைக்குச் சமம். வி.எஃப்.டி.க்கு ஏற்ற வகை எர்த் லீக்கேஜை மின்பணியாளரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

பீனிக்ஸ்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. தகடுகளைப் படம் எடுத்து வந்தேன். டிரில்லில் 220/380 வோல்ட், 1.1 கிலோவாட் என்று தெளிவாக இருக்கிறது. லேத்தில் 380 வோல்ட் என்று மட்டுமே இருக்கிறது, 3 குதிரைத்திறன். முனைப்பெட்டியைத் திறந்தால் மூன்று கம்பிகள் மட்டுமே வெளியே வருகின்றன. இதற்கு வழி உண்டா?

மின்கம்பி

உண்டு, இரண்டு. உள்ளே மூன்று சுருள்களும் ஸ்டாராக இணைக்கப்பட்டு, அந்த முடிச்சு சுருள்களுக்குள் புதைந்திருக்கும். மோட்டார் சுற்றுபவர் ஒருவர் அந்த முடிச்சைத் தேடிப் பிரித்து மூன்று கூடுதல் கம்பிகளை வெளியே கொண்டுவந்தால், அதை டெல்டாவாக மாற்றி 230 வோல்ட்டில் ஓட்டலாம். பழைய வார்னிஷ் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்தால் தொடாமலிருப்பது நல்லது. அப்போது 230/400 வோல்ட் புது மோட்டார் ஒன்றைப் பொருத்துவதே வழி. எதுவானாலும் 2.2 கிலோவாட் வி.எஃப்.டி. ஒருமுனையிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே சாதாரண 16 ஆம்பியர் பிளக் போதாது, மின்பலகையிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். இந்தச் செலவையும் லேத்தின் விலையோடு கூட்டிப் பாருங்கள். எடைக்கு எடை விலை என்பது அப்போது அவ்வளவு மலிவாகத் தெரியாது.

டோங்காட்வாசி

லேத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. துருவைப் பற்றி எழுதுகிறேன். கடற்கரை நகரத்தில் பட்டறை வைப்பவருக்குப் பகைவன் உப்புக்காற்றுதான். நேற்று மினுக்கிய எஃகு ஒரு மழை இரவுக்குப் பிறகு செம்பழுப்பாகக் காட்சியளிக்கும்.

துருப்பிடித்த சிறு பாகங்களுக்கு நம் பகுதிக்கே உரிய மருந்து கரும்புக் கழிவுப்பாகு (மொலாசஸ்). மெயிட்ஸ்டோன் சர்க்கரை ஆலையின் புகை தெரியும் தூரத்தில் வாழும் எங்களுக்கு அது புதிதன்று. மாட்டுத்தீவனம் விற்கும் கடைகளில் கேன்களில் கிடைக்கும். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கிரீஸை நன்றாகக் கழுவிய பாகங்களை அதில் மூழ்கவிட்டு மூடிவிட வேண்டும். ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். எடுத்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் துரு கரும்பசையாகக் கழன்று, அடியிலுள்ள எஃகு சாம்பல் நிறத்தில் தெரியும். உடனே காயவைத்து எண்ணெய் தடவாவிட்டால் கண்ணெதிரிலேயே மறுபடி துருப்பிடிக்கும். புளித்த வாடை வீட்டாரைச் சங்கடப்படுத்தும், எறும்பும் வரும். ஆகவே தொட்டியைத் தோட்டத்தின் கடைசி மூலையில் வையுங்கள். அலுமினியத்தையும் துத்தநாகம் பூசியதையும் அதில் போடாதீர்கள், அது அவற்றைத் தின்றுவிடும்.

அவசரமுள்ளவர்கள் மின்முறையைப் பயன்படுத்தலாம். வாளித் தண்ணீரில் வாஷிங் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத சாதா இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்தால் ஓரிரவில் துரு இளகிவிடும். சோடாவுக்குப் பதிலாக உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போட்டால் நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜனும் வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். பாட்டரியைத் தானே கண்டறியும் புதுவகை சார்ஜர்கள் இதற்கு இயங்கமாட்டா. பழைய கனமான சார்ஜர்தான் வேண்டும், அதுவும் கழிவுக்கடையில்தான் கிடைக்கும்.

மில்ஃபிட்டர்

டோங்காட் தம்பியின் பாகு முறையை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வார்ப்பிரும்பை வாரக்கணக்கில் ஊறவைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கூர்மையாகச் செதுக்கிய விளிம்புகளையும் அளவெடுத்துத் தேய்த்த பரப்புகளையும் அது மெல்ல அரிக்கும். லேத் படுகையையும் சேடிலையும் எந்தத் தொட்டியிலும் இறக்கக் கூடாது. அவற்றுக்கு மண்ணெண்ணெய், நுண்ணிய தேய்ப்புக் கல், பொறுமை ஆகிய மூன்றுமே போதும். சுருள்வில்களையும் கடினமாக்கிய பாகங்களையும் மின்முறைக்கு அனுப்பாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

சாட்ஸ்வொர்த்அக்கா

தம்பிமார்கள் இரும்பையே பேசுகிறீர்கள். பட்டறை என்பதில் மேசையும் கூரையும் சுவரும் உண்டு. நான் மரவேலை செய்பவள் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

மேசைக்குப் புது மரம் வாங்க வேண்டியதில்லை. டர்பனின் பெரேயாவிலும் க்ளென்வுட்டிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது ஆரிகன் பைன் உத்தரங்களும் தரைப்பலகைகளும் வெளிவரும். இறுகிய வளையம் கொண்ட அத்தகைய மரத்தை இப்போது கடையில் தேடினாலும் கிடைக்காது. வாங்கியதும் காந்தத்தை வைத்து ஆணியைத் தேடி எல்லாவற்றையும் பிடுங்குங்கள். உடைந்த ஆணி ஒன்று போதும், ரம்பத்தின் பற்கள் போய்விடும். பேலட் மரம் எடுப்பதாக இருந்தால் பக்கத்தில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பமூட்டப்பட்டது, எடுக்கலாம், எம்.பி. (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகையிட்டது, விட்டுவிடுங்கள். மேசையின் உயரம் வைஸைப் பொருத்திய பிறகு அதன் தாடை உங்கள் முழங்கை மட்டத்திற்கு வருமாறு அமையட்டும், அப்போதுதான் அரம் போடும்போது தோள் வலிக்காது. மேசையைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள்.

கூரை விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் பழைய வீடுகள் பலவற்றின் கூரைத்தகடு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டினால் ஆனது. அதன் பயன்பாட்டையே அரசு 2008இல் தடைசெய்தது. விளக்கு மாட்டுவதற்கென்று அதில் துளையிடாதீர்கள், தேய்க்காதீர்கள், அழுத்தத் தண்ணீர் அடிக்காதீர்கள். உத்தரத்திலிருந்து கம்பி இறக்கி விளக்கை மாட்டலாம். பழைய இயந்திரங்களின் பிரேக் பட்டைகளிலும் பழைய சுவிட்சுப் பலகைகளிலும் அதே பொருள் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைக் காற்றடித்துத் தூசி தட்டுவதும் வேண்டாம்.

இணைவீட்டில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சொல். சாணையும் டிரில்லும் பொதுச் சுவரைத் தொட்டு நின்றால் பக்கத்து வீட்டு அத்தைக்குத் தலைவலி உங்களால்தான். இயந்திரத்தின் காலுக்கடியில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டுகளைப் போடுங்கள், எதிர்ச்சுவர் பக்கம் நிறுத்துங்கள்.

கழிவுக்காதலன்

நல்ல விவாதம். எல்லோரும் புதிது வாங்கு, புதிது வாங்கு என்கிறீர்களே, அப்படியானால் கழிவிலிருந்து எடுப்பதன் மகிழ்ச்சி எங்கே? நான் சில எளிய வழிகளைச் சொல்கிறேன். ஓட்டை விழுந்த கீசரின் (வெந்நீர்க் கொதிகலன்) தொட்டியைப் பற்றவைத்தால் கம்ப்ரஸருக்கு நல்ல காற்றுத்தொட்டியாகும். வாஷிங் மெஷின் மோட்டாரைச் சாணைக்கு மாட்டலாம். ரயில் பாதையோரம் கிடைக்கும் தண்டவாளத் துண்டு அருமையான பட்டடை. மைக்ரோவேவிலிருந்து எடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரால் தகடுகளைப் புள்ளிவெல்டிங் செய்யலாம்.

மில்ஃபிட்டர்

தம்பி, உங்கள் உற்சாகத்தைக் குறைக்க விருப்பமில்லை, ஆனால் இந்தப் பட்டியலில் இரண்டு உயிர்க்கொல்லிகள் இருக்கின்றன.

கீசர் தொட்டி நம் நாட்டில் பெரும்பாலும் 400 அல்லது 600 கிலோபாஸ்கல் நீரழுத்தத்திற்கென்று செய்யப்படுகிறது. கம்ப்ரஸர் 800 கிலோபாஸ்கல் வரை ஏற்றும். அதைவிட முக்கியமானது, தண்ணீர் அமுங்குவதில்லை. நீர்த்தொட்டி வெடித்தால் கிழிந்து ஒழுகும். காற்று அமுங்கி ஆற்றலைச் சேர்த்து வைப்பதால் காற்றுத்தொட்டி வெடித்தால் தகடுகள் கராஜ் கதவைத் துளைத்துக்கொண்டு போகும். நீங்கள் சொல்வதோ உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்த தொட்டி. அதில் ஓர் ஓட்டை வெளியே தெரிந்தால் தெரியாத மெலிவுகள் பல இருக்கும். காற்றுத்தொட்டியை அழுத்தத் தகடும் சான்றும் உள்ளதாகவே வாங்குங்கள். கீசரின் வெளித்தகட்டை வேண்டுமானால் கருவிப்பெட்டி செய்ய வைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் தரும் 2000 வோல்ட் அளவிலான மின்சாரம் தொட்ட கையை விடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மைக்ரோவேவின் மின்தேக்கி மின்னேற்றத்தோடு இருக்கும். உயர் அழுத்தச் சுருளை முற்றிலும் அறுத்தெடுத்துவிட்டுச் செய்பவர்கள் உண்டு. மின்வேலை அறியாதவருக்கு அது தொடக்கப் பாடமாக இருக்கக் கூடாது.

தண்டவாளம் பட்டடைக்கு ஏற்றது என்பது உண்மை. ஆனால் பாதையோரம் கிடக்கும் துண்டு யாருடையது? நம் ரயில்வே கேபிளையும் தண்டவாளத்தையும் இழந்து தவிக்கும் காலத்தில், அத்தியாவசியக் கட்டமைப்பைச் சேதப்படுத்துவதற்கு 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடுந்தண்டனை இருக்கிறது. வேலியில் போகும் ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டாம். 2009ஆம் ஆண்டின் பழைய பொருள்கள் சட்டப்படி காவல்துறையில் பதிவுபெற்ற வணிகரிடம் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தடித்த எஃகுத் தண்டு ஒன்றைச் செங்குத்தாக மரக்கட்டையில் புதைத்தால் அதுவே வீட்டுக்குப் போதுமான பட்டடை.

மின்கம்பி

வாஷிங் மெஷின் மோட்டாரைப் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன். முன்கதவு வகை இயந்திரங்கள் பலவற்றில் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் இருக்கும். கட்டுப்பாட்டுப் பலகை இல்லாமல், சுமையும் இல்லாமல் அதை நேராக மின்சாரத்தில் இணைத்தால் நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டி ஓடிவிடும். அதில் சாணைக்கல்லை மாட்டுவது வெடிகுண்டை மாட்டுவதுதான்.

அதற்குப் பதிலாக நீச்சல்குளப் பம்பின் மோட்டாரைத் தேடுங்கள். நம் ஊரில் குளப் பம்புகளை சீல் ஒழுகி பேரிங் துருப்பிடித்ததுமே எறிந்துவிடுகிறார்கள். உள்ளே சுருள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒருமுனையிலேயே ஓடும், வேகம் ஏறக்குறைய 2850 சுற்று. பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். 6203 என்றிருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்.எஸ். வகையைப் போட்டு, மின்தேக்கியையும் புதிதாக மாற்றினால், மெருகேற்றும் சக்கரத்துக்கோ சிறிய பெல்ட் சாணைக்கோ நல்ல மோட்டார் கிடைத்துவிடும். தொடக்க முறுக்கு குறைவு என்பதால் கம்ப்ரஸருக்கு உதவாது. சுருளில் ஈரம் ஏறியிருக்கிறதா என்பதை மெகரால் (மின்காப்பை அளக்கும் கருவி) சோதித்த பிறகே இணைக்க வேண்டும்.

பீனிக்ஸ்காரன்

மில்ஃபிட்டர் ஐயா சொன்னபடி லேத்தைச் சோதித்தேன். சக்கிற்கு அருகில் நகம் நன்றாகவே தட்டுகிறது. சேடிலை அங்கே இறுக்கி ஓட்டினால் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. குறைந்த வேகத்துக்கான பேக்கியரில் இரண்டு பல் இல்லை. உரிமையாளர் பழகியவர்போல் சிரித்துக்கொண்டே விலையை மேலும் குறைத்தார், ஆனாலும் விட்டுவிட்டேன். வைஸ், டிரில், கல் இல்லாத சாணை ஆகியவற்றைப் பேசி முடித்தேன். ஓர் அலமாரி நிறைய துளையைச் சீராக்கும் ரீமரும், பிட்டைப் பொருத்தும் மோர்ஸ் ஸ்லீவும், மரை வெட்டும் டேப்பும் சேர்த்துக் கொடுத்தார். இனி வீட்டு அளவுக்கு எந்த லேத்தைத் தேடலாம்? டிரில்லுக்கு எந்த வேகத்தை வைப்பது?

மில்ஃபிட்டர்

அந்த அலமாரிதான் உங்களுக்குக் கிடைத்த லாபம். நல்ல ரீமர்களின் புது விலையைக் கடையில் கேட்டால் தெரியும். தேய்ந்த படுகையை மறுபடி அரைத்துச் சீராக்கலாம், ஆனால் அந்தக் கூலியைக் கொடுப்பவருக்கு லேத் மலிவானதாக இராது.

கராஜுக்கு மைஃபோர்டு எம்.எல்.7 அல்லது பாக்ஸ்ஃபோர்டு போன்ற சிறு லேத் பொருத்தம். பள்ளிகளும் பயிற்சிக் கூடங்களும் கழிக்கும் பாக்ஸ்ஃபோர்டுகள் பெரும்பாலும் மாணவர் கையில் சிறு வேலைக்கு ஓடியவை. கைப்பிடிகளில் அடிபட்டிருக்கும், படுகை நன்றாக இருக்கும். எம்.எல்.7இன் மைய உயரம் மூன்றரை அங்குலம்; தேர் அச்சுக்குப் போதாது, புஷ்ஷுக்குப் போதும். அச்சை வெளியிலேயே கொடுங்கள். எம்.எல்.7இன் சக் மரையில் திருகி மாட்டுவது என்பதால் வி.எஃப்.டி.யில் சட்டென்று நிறுத்தும் பிரேக்கை வைத்தால் சக் கழன்று விழும்; மெதுவாக நிற்கட்டும். பழைய ஆங்கில லேத்தில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும், வாங்கும்போதே கேளுங்கள், பிறகு தேடி அலைய நேரும்.

டிரில்லுக்கு, சாதா இரும்பில் ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டின் விளிம்பு நிமிடத்திற்கு 25 மீட்டர் ஓடுவது நல்ல அளவு. அதன்படி 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு ஏறக்குறைய 1300 சுற்று, 12க்கு 660, 20க்கு 400. பெரும்பாலோர் பெரிய பிட்டை மிக வேகமாக ஓட்டி நுனியைக் கருக்கிவிடுகிறார்கள். சீவல் நீலமாக மாறினால் வேகத்தைக் குறைத்து எண்ணெய் விடுங்கள். வேலைப்பொருளைக் கையால் பிடிக்காதீர்கள். மேசையில் கிளாம்ப் போடுங்கள், குறிப்பாக மெல்லிய தகட்டை, ஏனெனில் பிட் மறுபக்கம் வெளிவரும் கணத்தில்தான் அது பிடித்துச் சுழற்றும்.

மின்கம்பி

1.1 கிலோவாட் டிரில்லுக்கு 1.5 கிலோவாட் வி.எஃப்.டி. வாங்குங்கள், தனி 16 ஆம்பியர் இணைப்பு போதும். இணைப்புத் தகடுகளை டெல்டாவுக்கு மாற்றிய பிறகு முனைப்பெட்டியின் படம் ஒன்றை இங்கே போடுங்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன் நான் பார்த்துச் சொல்கிறேன்.